மீன்தொட்டியின் வெப்பம்: ஒரு வாட்டுக் கணக்கின் வரலாறு

வீட்டு மீன்தொட்டிக்கு எத்தனை வாட் ஹீட்டர் வேண்டும் என்று கேட்பவருக்கு வண்ண மீன் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் விடை ‘லிட்டருக்கு ஒரு வாட்’ என்பதாகும். நூறு லிட்டர் தொட்டிக்கு நூறு வாட், இருநூறு லிட்டருக்கு இருநூறு வாட் என்று எளிதில் மனத்தில் தங்கிவிடும் இந்தக் கணக்கு ஒரு பொதுவிதியைப் போல எங்கும் வழங்கினாலும், மீனின் உடலியல்பிலிருந்தோ நீரின் இயல்பிலிருந்தோ நேராகப் பிறந்ததன்று. குளிர்கால இரவுகளில் சில்லிட்டுக் கிடந்த ஐரோப்பிய, அமெரிக்க வீட்டு அறைகளின் தட்பவெப்பத்தை அது இன்னமும் தன்னுள் சுமந்து நிற்கிறது. அந்த அறைகளுக்குள் வெப்பமண்டல மீன்கள் எப்படி வந்து சேர்ந்தன, அவற்றின் நீரைச் சூடாக்க என்னென்ன வழிகள் கையாளப்பட்டன என்பதைத் தொடர்ந்து பார்க்கும்போதுதான் அந்த எண் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பது தெளிவாகிறது.

மீன்தொட்டி என்று இன்று அறியப்படும் பொருளின் அறிவியல் அடிப்படை 1849ஆம் ஆண்டில் லண்டனில் உருவாயிற்று. வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் பன்னிரண்டு காலன் கொள்ளளவுள்ள கண்ணாடிக் கலத்தில் தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் குளத்து நத்தைகளையும் ஒன்றாக வைத்து, மீன் வெளியிடும் கரியமிலவாயுவைத் தாவரம் ஏற்பதும், தாவரம் வெளியிடும் உயிர்வளியை மீன் சுவாசிப்பதும், அழுகும் இலைகளை நத்தை தின்று தீர்ப்பதுமாக ஒரு சமநிலை நிலவக்கூடும் என்பதைக் கண்டறிந்து, அடுத்த ஆண்டில் அதை லண்டன் வேதியியல் கழகத்துக்கு எழுதி அளித்தார். அதே 1849ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தில், அமேசான் பகுதியைச் சேர்ந்த ராட்சத அல்லியை ஜோசப் பேக்ஸ்டன் வெந்நீர்க் குழாய்களால் சூடேற்றப்பட்ட தொட்டியொன்றில் பூக்கச் செய்தார். குளிர்நாட்டில் வெப்பமண்டல நீரைச் செயற்கையாக அமைத்துக் காக்கும் கலை மீனுக்காக அன்றி, முதலில் ஒரு மலருக்காகவே இவ்வளவு செலவும் உழைப்பும் பெற்றது என்பது கவனத்துக்குரியது. வாரிங்டனின் கலத்துக்கோ எந்தச் சூடும் தேவைப்படவில்லை, ஏனெனில் தங்கமீன் குளிர்நீர் மீன். பனிக்காலத்து நீரிலும் அது பிழைத்துக்கொள்ளும்.

1850களில் இங்கிலாந்தைப் பற்றிக்கொண்ட மீன்தொட்டி மோகம் முழுவதும் குளிர்நீர் உயிர்களைச் சார்ந்ததாகவே இருந்தது. 1853இல் லண்டன் உயிரியல் பூங்காவில் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது; அடுத்த ஆண்டில் வெளிவந்த ஃபிலிப் ஹென்றி காஸ்ஸின் நூல் கடற்கரைப் பாறை இடுக்குகளில் வாழும் கடற்சாமந்திகளையும் சிறு மீன்களையும் வீட்டுக்குக் கொண்டுவரும் ஆசையை நடுத்தர வகுப்பாரிடையே பரப்பிற்று. இத்தகைய உயிர்களுக்குக் கோடைதான் எதிரி. சன்னலோரத்தில் வெயில்பட வைத்த கண்ணாடித் தொட்டிக்குள் நீர் சூடேறும்போது அதில் கரைந்துள்ள உயிர்வளி குறைகிறது, அதே நேரத்தில் உயிர்களின் உயிர்வளித் தேவை கூடுகிறது. இவ்விரண்டும் சேர்ந்து ஒரே பிற்பகலில் தொட்டி முழுவதையும் அழித்துவிடும். ஆகவே அக்காலத்து மீன்காட்சியக வல்லுநர்களின் திறமையெல்லாம் நீரைக் குளிர்ச்சியாக வைப்பதிலேயே செலவாயிற்று. 1864இல் ஹாம்பர்க் மீன்காட்சியகத்திலும், 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மீன்காட்சியகத்திலும் பொறுப்பேற்றிருந்த வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட், காட்சித் தொட்டிகளில் உள்ளதைவிடப் பல மடங்கு நீரை நிலத்தடியில், வெளிச்சம் புகாத தேக்கத்தில் நிறுத்தி, அதைத் தொடர்ந்து மேலேற்றிச் சுழலவிட்டார். பெருந்திரளான நீர் விரைவில் சூடாவதும் இல்லை, விரைவில் ஆறுவதும் இல்லை என்ற இயல்பின் மேல் அமைந்த ஏற்பாடு அது. ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த 1.16 வாட்-மணி ஆற்றல் வேண்டும். அதே கன அளவுள்ள காற்றுக்கு அதில் ஏறக்குறைய மூவாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கே போதும். பிற்காலத்து ஹீட்டர் கணக்குகளுக்கெல்லாம் அடித்தளமாக அமைந்த இவ்வுண்மையை லாய்ட் குளிர்ச்சிக்காகவே பயன்படுத்தினார்.

நிலைமையை மாற்றியது சொர்க்கமீன் என்று பெயர் பெற்ற ஒரு சிறிய சீனத்து மீன். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக அமைந்த ஒரு தனி உறுப்பின் உதவியால் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்க வல்லது இம்மீன். உயிர்வளி குன்றிய சிறு கலங்களில் மாதக்கணக்கான கப்பல் பயணத்தைத் தாங்கி வர அதற்கு இயன்றது இதனாலேயே ஆகும். 1869இல் பாரிசுக்கு வந்து சேர்ந்த சொர்க்கமீன்களை அங்கே பியர் கார்போன்யே என்பவர் இனப்பெருக்கம் செய்வித்தார். நீல, சிவப்புப் பட்டைகளும் நீண்டு விரிந்த துடுப்புகளும் கொண்டு, நுரைக்கூடு கட்டி முட்டைகளைக் காக்கும் அதன் இயல்பு ஐரோப்பியரை வியக்க வைத்தது. சூடேற்றாத அறையிலும் அது ஓரளவு பிழைத்துக்கொண்டதால் வெப்பமூட்டும் சிக்கல் உடனே எழவில்லை. ஆனால் அந்த அழகைக் கண்ட கண்களுக்குப் பழைய குளிர்நீர் மீன்கள் சலித்துப்போயின. 1888இல் பெர்லினில் தொடங்கப்பட்ட டிரிட்டோன் போன்ற சங்கங்கள் வழியாக ஜெர்மனியில் மீன் வளர்ப்பு ஓர் ஒழுங்கான கலையாக வளர்ந்தது. ஹாம்பர்க் துறைமுகத்தில் வந்திறங்கிய கப்பல்களிலிருந்து தென்னமெரிக்க, ஆப்பிரிக்க, ஆசிய மீன்கள் ஒவ்வொன்றாக அவ்வளர்ப்பாளர்களின் கைக்கு வந்தன. இன்று உலகில் மிக எளிதாகக் கிடைக்கும் கப்பி மீன் 1908இல் அங்கே சென்று சேர்ந்தது. இவற்றில் பெரும்பாலானவை 20 டிகிரிக்குக் கீழே சோர்ந்து, உணவை மறுத்து, நோயுற்று இறந்தன. வெப்பமூட்டுதல் கட்டாயமாயிற்று.

மின்சாரம் பரவலாக வீடுகளை எட்டாத அக்காலத்தில் வெப்பத்துக்கு நெருப்பே கதி. அன்றைய தொட்டி இரும்புச் சட்டத்துக்குள் புட்டி என்னும் பசை கொண்டு பதித்த நான்கு கண்ணாடிப் பலகைகளும், அடியில் ஒரு கற்பலகையும் கொண்டது. அடிப்பாகத்தைக் கண்ணாடியால் அமைத்தால் சுடர் படும் இடம் மட்டும் விரிந்து வெடிக்கும் என்பதால், சூட்டைத் தாங்கும் சிலேட்டுக்கல்லைப் பயன்படுத்தினார்கள். அக்கல்லுக்குக் கீழே எண்ணெய் விளக்கோ சாராய விளக்கோ சிறிய எரிவாயுச் சுடரோ இரவும் பகலும் எரியும். இன்னும் நுட்பமான சில தொட்டிகளில் அடிப்பலகையின் நடுவே உலோகத்தாலான உள்ளீடற்ற ஒரு கூம்பு நீருக்குள் மேல்நோக்கி எழும்பி நிற்கும். விளக்கின் சூடு அக்கூம்புக்குள் ஏறி, அதன் சுவர்கள் வழியாக நீரில் பரவும். இந்த முறையில் ஹீட்டரின் ‘அளவு’ என்பது திரியின் உயரமே. மாலையில் குளிர் கூடுவதைக் கண்டு திரியைத் தூண்டுவதும், விடிந்ததும் இறக்குவதும் வளர்ப்பவரின் அன்றாடக் கடமை. தூண்ட மறந்தால் மீன் விறைத்தது, இறக்க மறந்தால் வெந்தது. புகைக்கரியும் வாடையும் அறையெங்கும் படிந்தன. அடிமணல் சூடேறித் தாவரங்களின் வேர் அழுகியது. வெப்பத்தால் புட்டி இளகிக் காய்ந்து நீர் கசிந்தது. வெளிநாட்டு மீன் வளர்ப்பு நெடுங்காலம் ஓய்வும் பொறுமையும் மிக்க சிலருக்கு மட்டுமே கைவந்ததற்கு மீனின் விலையைக் காட்டிலும் இந்த ஓயாத காவலே பெரிய காரணம் என்று கொள்வது பொருந்தும்.

மின்சார ஹீட்டர் தனியொருவரின் கண்டுபிடிப்பு அன்று. வேறு வேறு நோக்கங்களுக்காகப் பிறந்த மூன்று பொருள்கள் அதில் கூடின. முதலாவது கம்பி. மின்னோட்டம் பாயும் கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் கம்பியின் மின்தடைக்கும் ஏற்ப அமையும் என்று ஜேம்ஸ் ஜூல் 1841இலேயே நிறுவிவிட்டார். ஆனாலும் செந்தணலாகக் காய்ந்த பின்னும் துருவேறி அறுந்துவிடாத மலிவான கம்பி கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று; நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் வகைக் கம்பிக்கு அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்றார். இரண்டாவது கண்ணாடி. சூடும் குளிரும் அடுத்தடுத்துத் தாக்கினாலும் எளிதில் வெடிக்காத போரோசிலிகேட் கண்ணாடியை ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் 1880களில் உருவாக்கினார். 1915இல் பைரெக்ஸ் என்ற பெயரில் அமெரிக்கச் சமையலறைகளுக்கும் அது வந்தது. மூன்றாவது, வெப்பத்தை உணர்ந்து மின்சுற்றைத் தானே மூடித் திறக்கும் தெர்மோஸ்டாட். வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை சூடேறும்போது வளையும் என்ற உத்தியைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் தம் கடற்பயணக் கடிகாரத்தில் பயன்படுத்தினார். அவ்வுத்தியைக் கொண்டு தொழிற்சாலைகளின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு ஆண்ட்ரூ யூர் 1830இல் காப்புரிமை பெற்றார்.

இம்மூன்றும் சேர்ந்த பழைய ஹீட்டர் ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தால் அமைப்பு எளிதாக விளங்கும். ஒருபுறம் மூடிய நீண்ட கண்ணாடிக் குழாய். அதனுள்ளே பீங்கான் தண்டில் சுருளாகச் சுற்றிய கம்பி. கம்பியின் சூடு குழாய்ச் சுவருக்குச் சீராகச் சென்று சேர அடியில் நிரப்பிய மெல்லிய மணல். மேல்வாயை அடைத்த ரப்பர் தக்கையின் துளை வழியே வெளிவரும் மின்கம்பிகள். தக்கை முழுமையாக நீரைத் தடுக்காது என்பதால் குழாயின் தலை நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும். தெர்மோஸ்டாட் தொடக்கத்தில் தனிக் குழாயாகத் தொட்டியின் விளிம்பில் தொங்கியது. பின்னர்தான் இரண்டும் ஒரே குழாய்க்குள் அடங்கி, நீருக்குள் முழுவதும் மூழ்கக்கூடிய இன்றைய வடிவத்தை அடைந்தன.

திரிக்குப் பதிலாகக் கம்பி வந்ததும் முதன்முறையாக ஓர் எண் தேவைப்பட்டது. திரியைப் போல ஹீட்டரின் திறனை மாலையில் கூட்டிக் காலையில் குறைக்க இயலாது. வாங்கும்போதே அது முடிவாகிவிடுகிறது. வில்லியம் இன்னெஸ் 1935இல் வெளியிட்ட வெப்பமண்டல மீன் நூல் அமெரிக்காவில் எண்ணற்றவர்களை இத்துறைக்கு ஈர்த்த காலத்தை ஒட்டி, ஒழுங்கான பயிற்சியோ சங்க உறவோ இல்லாத புதியவர்கள் தொட்டி வாங்கத் தொடங்கினர். அவர்களுக்குச் சொல்லத்தக்க சுருக்கமான விதி வேண்டியிருந்தது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் நிலைபெற்ற விதி ‘காலனுக்கு ஐந்து வாட்’ என்பது. அமெரிக்கக் காலன் 3.785 லிட்டரும் பிரிட்டனின் காலன் 4.546 லிட்டரும் கொண்டவை ஆதலால், ஒரே வாக்கியம் அமெரிக்காவில் லிட்டருக்கு 1.3 வாட்டாகவும் பிரிட்டனில் 1.1 வாட்டாகவும் பொருள்பட்டது. மெட்ரிக் முறையில் இவ்வேறுபாடு உதிர்ந்து, லிட்டருக்கு ஒரு வாட் என்னும் முழு எண் எஞ்சிற்று. அறைக்கும் நீருக்கும் பத்து டிகிரி செல்சியஸ் வேறுபாடு இருந்தால் இந்த அளவு, ஐந்து டிகிரியே இருந்தால் இதில் பாதி என்ற நிபந்தனை கவனமான கையேடுகளில் எப்போதும் உடன் வந்தது. வாய்மொழியாகப் பரவியபோது எண் மட்டும் நிலைத்து நிபந்தனை கழன்றுபோயிற்று.

கழன்றுபோன அந்த நிபந்தனையில்தான் பொருளின் உயிர் இருக்கிறது. சூடான பொருள் வெப்பத்தை இழக்கும் வேகம் அதற்கும் சூழலுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்று ஐசக் நியூட்டன் 1701இலேயே எழுதினார். தொட்டியைப் பொறுத்தவரை அந்த இழப்பு நிகழ்வது கண்ணாடிப் பரப்பின் வழியாக. உள்ளே எத்தனை லிட்டர் நீர் உள்ளது என்பது ஆறும் வேகத்தை மாற்றுமே தவிர, நிலையான வெப்பத்தைக் காக்க வேண்டிய வாட்டைத் தீர்மானிப்பதில்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட, தமிழ்நாட்டுக் கடைகளில் மிகுதியாக விற்கும் தொட்டியை எடுத்துக்கொள்ளலாம். சென்டிமீட்டரில் 60, 30, 30. கொள்ளளவு 54 லிட்டர். நான்கு பக்கக் கண்ணாடிகளின் மொத்தப் பரப்பு 0.54 சதுர மீட்டர். உள்ளே நீரும் வெளியே அசைவற்ற காற்றும் உள்ள நிலையில் ஒரு சதுர மீட்டர் கண்ணாடி ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் ஏறக்குறைய 8 வாட் இழக்கிறது. மூடி வழியாகவும் தெர்மோகோல் விரித்த அடிப்பாகம் வழியாகவும் செல்லும் சிறிதளவையும் கூட்டினால், இத்தொட்டியின் இழப்பு டிகிரிக்கு ஐந்தரை வாட் அளவில் அமையும். வேறுபாடு பத்து டிகிரி என்றால் 55 வாட், அதாவது ஏறத்தாழ லிட்டருக்கு ஒரு வாட். ஐந்து டிகிரி என்றால் 27 வாட்டே போதும். புகழ்பெற்ற விதி எந்தத் தொட்டிக்கு, எந்த அறைக்கு அளந்து தைத்த சட்டை என்பது இங்கே வெளிப்படுகிறது.

தொட்டியின் மூன்று பக்க அளவுகளையும் இருமடங்காக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகி 432 லிட்டரை எட்டும், பரப்போ நான்கு மடங்குதான் கூடும். ஐந்து டிகிரி வேறுபாட்டுக்கு அதன் தேவை ஏறக்குறைய 110 வாட், அதாவது லிட்டருக்குக் கால் வாட். குளிர்நாட்டு விலங்குகள் பருத்த உடல் கொண்டிருப்பதற்கு ஜெர்மானிய உயிரியலாளர் கார்ல் பெர்க்மன் 1847இல் காட்டிய காரணமும் பரப்புக்கும் கன அளவுக்கும் இடையிலான இதே உறவுதான். மூடியைப் பற்றியும் ஒரு சொல் தேவை. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 675 வாட்-மணி வெப்பம் செலவாகிறது; திறந்த தொட்டி நாளொன்றுக்கு அரை லிட்டர் நீரை இழந்தால் அதற்காக மட்டும் இடைவிடாத 14 வாட் வீணாகும். மேலே வைக்கும் ஒரு கண்ணாடிப் பலகை, சிறிய தொட்டியில் பாதி ஹீட்டருக்குச் சமமான வேலையைச் செய்கிறது.

தேவைக்கு மேல் பெரிய ஹீட்டரை வாங்கினாலும் தெர்மோஸ்டாட் தக்க நேரத்தில் அணைத்துவிடும், எனவே பெரியதே பாதுகாப்பு என்று பலர் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் ஈருலோகப் பட்டையின் பலவீனத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. பட்டை மெல்ல மெல்ல வளைந்து தொடுமுனைகள் பிரியும்போது அவற்றுக்கிடையே நுண்ணிய மின்பொறி எழும். சட்டென்று பிரிவதற்காகச் சிறிய காந்தம் ஒன்றைப் பொருத்துவது வழக்கம் என்றாலும், ஆயிரக்கணக்கான முறை மூடித் திறந்த பின் பொறியின் சூட்டில் முனைகள் உருகி ஒன்றோடொன்று பற்றிக்கொள்வது உண்டு. அப்போது ஹீட்டர் அணையவே அணையாது. மேற்கண்ட இரண்டடித் தொட்டியில் 50 வாட் ஹீட்டர் அவ்வாறு சிக்கிக்கொண்டால் நீர் அறையைவிட ஒன்பது டிகிரி கூடுதலாகச் சூடேறி நிற்கும். 100 வாட் என்றால் பதினெட்டு டிகிரி. அறையின் சராசரி வெப்பநிலை 25 டிகிரி எனக் கொண்டால், முதலாவது நீரை 34 டிகிரி வரை உயர்த்தும். மீன்கள் மூச்சுத் திணறி நீர்மட்டத்துக்கு வந்து தத்தளிக்கும், கண்டவர் காப்பாற்ற ஒரு நாளளவு அவகாசம் இருக்கும். இரண்டாவது 43 டிகிரியை நோக்கிச் செல்லும். அதில் பிழைக்கும் வளர்ப்பு மீன் கிடையாது.

தமிழகக் கடற்கரை நகரங்களில் இச்சிக்கல் வேறு முகம் கொள்கிறது. அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் உருவாகி 1909இல் சென்னை மெரினாவில் திறக்கப்பட்ட மீன்காட்சியகம், ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கும் கடலின் கரையில் நின்றது. வண்ண மீன் வளர்ப்புக்கும் வணிகத்துக்கும் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூரிலும் ஆண்டின் பெரும்பகுதி ஹீட்டருக்கு வேலையில்லை. மார்கழி, தை மாதங்களில் இரவு வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இறங்கும் வாரங்களில்தான் அதன் தேவை எழுகிறது. பகலில் 28, விடியலில் 22 என்று சிறு தொட்டியின் நீர் ஊசலாடும்போது மீனின் நோய்த்தடுப்பு ஆற்றல் தளர்ந்து, உடலில் உப்புத் தூவியது போன்ற வெள்ளைப் புள்ளி நோய் பற்றுகிறது. ஒற்றைச் செல் ஒட்டுண்ணியால் வரும் இந்நோயில் குளிர்ச்சி ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியை நீட்டிவிடுவதால் மருத்துவமும் நீள்கிறது. ஆகவே இங்கே ஹீட்டரின் பணி நீரைக் காய்ச்சுவது அன்று, இரவின் ஐந்தாறு டிகிரி இறக்கத்தைத் தடுப்பது மட்டுமே. மூடியுள்ள இரண்டடித் தொட்டிக்கு அதற்கு 50 வாட் தாராளம். நூறு வாட் வாங்குவது வெளிநாட்டு அறையின் குளிரை விலைகொடுத்து வாங்கி, அதன் ஆபத்தையும் சேர்த்து வீட்டுக்குள் கொண்டுவருவதாகும். கோடையில் அறை 33 டிகிரியில் நிற்கும்போது சிக்கிக்கொண்ட 50 வாட்டும் உயிரைக் குடிக்கும் என்பதால், பங்குனி பிறக்கும் முன்பே ஹீட்டரைத் தொட்டியிலிருந்து எடுத்துவிடுவதே முறை. உதகமண்டலத்தில் கதை வேறு. தை மாத இரவில் வீட்டுக்குள்ளேயே 12 டிகிரிக்கு இறங்கும் அறையில் நீரை 26 டிகிரியில் காக்க அதே தொட்டிக்கு 77 வாட் இடைவிடாமல் வேண்டும். அங்கே நூறு வாட்டுக்குக் குறைந்தது பயன்படாது, லிட்டருக்கு ஒரு வாட் என்ற பழைய விதிகூட அங்கே போதாது.

பெரிய தொட்டிகளுக்குத் தேவையான திறனை இரண்டு ஹீட்டர்களாகப் பிரித்து இரு முனைகளில் வைக்கும் வழக்கம் இந்த வரலாற்றின் அனுபவத்திலிருந்தே வந்தது. நான்கடித் தொட்டிக்கு 200 வாட்டில் ஒன்று வைப்பதைவிட 100 வாட்டில் இரண்டு வைத்தால், ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் நீர் உயிர்க்கொல்லி வெப்பத்தை எட்டாது. ஒன்று எரிந்துபோனாலும் மற்றது விடியும்வரை தாங்கும். அண்மைக் காலத்தில் மின்னணு உணரி கொண்ட தனிக் கட்டுப்பாட்டுக் கருவியை ஹீட்டருக்கு முன்னால் இணைத்து, ஹீட்டரின் சொந்தத் தெர்மோஸ்டாட்டைக் கருவியின் அளவைவிட இரண்டு டிகிரி மேலே வைக்கும் ஏற்பாடும் பரவி வருகிறது. அன்றாடம் மூடித் திறக்கும் வேலை கருவியைச் சேர, ஈருலோகப் பட்டை அசையாத காவலாக ஒதுங்கி நிற்பதால் அதன் தொடுமுனைகள் தேய்வதில்லை. கண்ணாடிக் குழாயின் பழைய குறை மட்டும் இன்னும் நீங்கவில்லை: தண்ணீர் மாற்றும்போது காற்றில் வெளிப்பட்ட சூடான குழாயின் மேல் புதுநீர் பட்டால் அது விரிசல் விடக்கூடும். ஆதலால் நீரை இறைப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே ஹீட்டரின் இணைப்பைப் பிடுங்கி வைத்து, தொட்டி மீண்டும் நிரம்பிக் குழாய் மூழ்கிய பிறகே இணைக்கின்றனர்.